மீட்டர் முள் பொய் சொல்கிறதா? கார் வேகமானிக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரத்தில் கார் எலக்ட்ரிகல் வேலை செய்கிறேன். திங்கட்கிழமை காலையில் வரும் வண்டிகளில் ஒன்றாவது, முந்தைய நாள் ஏற்காடு போய் வந்ததாக இருக்கும். "அண்ணா, மீட்டரில் 80 காட்டுகிறது, போனில் 75தான் வருகிறது. மீட்டர் போய்விட்டதா?" என்று கேட்பார்கள். பணம் வாங்காமல் திருப்பி அனுப்பும் கேள்வி இது. கூடக் காட்டும் மீட்டரில் பெரும்பாலும் கோளாறே இருக்காது. குறைத்துக் காட்டினாலோ, முள் ஆடினாலோ, செத்துக் கிடந்தாலோதான் கை வைக்க வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று பார்த்து, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு முறை அளந்துவிடுங்கள்.

முதலில் அளவு: ஒரு கிலோமீட்டர் சோதனை

நேரான சாலையில், ஒரே வேகத்தில், பத்து விநாடியாவது ஓடினால் போனின் ஜிபிஎஸ் சொல்லும் வேகத்தை நம்பலாம். வளைவிலும், மரம் மூடிய இடத்திலும், வேகம் ஏறி இறங்கும்போதும் அது பின்தங்கிவிடும். ஆகவே ஏற்காடு மலைப்பாதையில் எடுத்த கணக்கோடு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். சீலநாயக்கன்பட்டி தாண்டி மல்லூர் பக்கம், நாமக்கல் சாலையில் விடியற்காலையில் ஓட்டிப் பாருங்கள். போன் பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையில் இருக்கட்டும்.

போனை நம்பாதவர்களுக்குக் கிலோமீட்டர் கல் இருக்கிறது. டயர்களுக்குச் சரியான காற்றடித்துவிட்டு, மீட்டர் முள்ளை 60இல் அசையாமல் வைத்து, ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 3600ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் உண்மையான வேகம். 60 விநாடி என்றால் மீட்டர் மிகச் சரி. 64 விநாடி என்றால் உண்மை வேகம் 56தான். மீட்டர் கூடக் காட்டுகிறது. 57 விநாடியிலேயே அடுத்த கல் வந்துவிட்டால் உண்மை வேகம் 63. மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. சாலை வேலையில் சில கற்கள் இடம் மாறியிருக்கும். அதனால் ஒரு கல்லை வைத்து முடிவு கட்டாமல் நான்கைந்து கல் தூரம் ஓட்டிச் சராசரி எடுங்கள்.

அறிகுறி: மீட்டர் கூடக் காட்டுகிறது

*உண்மை வேகம் 75, மீட்டரில் 80*

விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார். வேகமானிக்கு ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39ஆம் எண் விதிமுறை இருக்கிறது. அதன்படி மீட்டர் எந்த வேகத்திலும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. கூடக் காட்டலாம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு: காருக்கு உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்குமேல் 4 கி.மீ.யும். உண்மை வேகம் 40 என்றால் 48 வரை, 80 என்றால் 92 வரை, 100 என்றால் 114 வரை காட்டலாம். இந்த எல்லைக்குள் இருக்கும் மீட்டரைச் சரிசெய்யச் சொல்லி வருபவரிடம், "இது உங்களுக்காக வைத்த இடைவெளி, எடுக்காதீர்கள்" என்றுதான் சொல்கிறேன். சிலர் கேட்பதில்லை. அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

*முன்பு சரியாக இருந்தது, இப்போது வித்தியாசம் கூடிவிட்டது*

டயரைப் பாருங்கள். டயர் தேயத் தேய அதன் சுற்றளவு குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுற்றும். மீட்டர் கூடக் காட்டும். 185/65 ஆர்15 என்ற டயரை எடுத்துக்கொள்வோம். அகலம் 185 மில்லிமீட்டர். அதில் 65 சதவீதம் 120.25 மில்லிமீட்டர். அது பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்தால் 240.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். மொத்த விட்டம் 621.5. புதிதில் 8 மில்லிமீட்டர் ஆழம் இருந்த பட்டன் (தரையில் படும் பள்ளக்கோடுகள்), சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவான 1.6 வரை தேய்ந்தால் விட்டத்தில் 12.8 மில்லிமீட்டர் போய்விடும். அதாவது இரண்டு சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் டயர் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

*டயர் மாற்றிய பிறகு திடீரென்று கூடிவிட்டது*

அளவு மாறிவிட்டது. "14 அங்குலம்தானே அண்ணா, எல்லாம் ஒன்றுதான்" என்று டயர் கடையில் சொல்லியிருப்பார்கள். ஒன்றல்ல. 165/80 ஆர்14 டயரின் விட்டம் 619.6 மில்லிமீட்டர்; 175/65 ஆர்14 டயருக்கு 583.1. ரிம் ஒன்றாக இருந்தும் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் குறைவு. அகலம் கூடிவிட்டதால் டயர் பெரிதாகிவிட்டது என்று கண் நம்பும், மீட்டர் நம்பாது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஸ்டிக்கர் இருக்கும். அதிலுள்ள அளவையும் டயரில் எழுதியிருப்பதையும் ஒப்பிடுங்கள். பணம் செலவில்லாத வேலை, பாதிப் பேர் செய்வதில்லை.

எப்போது கடைக்கு வர வேண்டும்? டயர் அளவு சரி, காற்று சரி, அப்படியும் மேலே சொன்ன எல்லையைத் தாண்டுகிறது என்றால் வாருங்கள். பழைய மீட்டர் போர்டு வாங்கி மாற்றிய வண்டியென்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருந்தாலும் வேறு ரக எஞ்சினுக்கான போர்டு வேறு கணக்கில் எண்ணும்.

அறிகுறி: மீட்டர் குறைத்துக் காட்டுகிறது

தள்ளிப்போடக் கூடாதது இதுதான். 80 என்று நினைத்து 89இல் போய்க்கொண்டிருப்பீர்கள். போலீசின் கருவி உங்கள் மீட்டரைக் கேட்டு ரசீது எழுதாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவில் காருக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை அபராதம். அதைவிட, விபத்துக்குப் பேர்போன தொப்பூர் மலை இறக்கம் பெரிய கவலை.

*பெரிய டயர் போட்ட ஜீப் வகை வண்டி*

மலைக்குப் போகும் ஆசையில் பெரிய டயர் போடுகிறார்கள். 215/75 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டால் விட்டம் 703.5இலிருந்து 733.5 ஆகும், நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். கம்பெனி வைத்த இடைவெளி இதைத் தாங்கிக்கொள்ளும். மீட்டர் ஏறக்குறைய உண்மையைச் சொல்லும் நிலைக்கு வந்து நிற்கும். ஆனால் 31 அங்குல டயர் போட்டு வந்த வண்டியும் உண்டு. விட்டம் 787. பன்னிரண்டு சதவீதம் கூடுதல். மீட்டர் அதுவரை மிகச் சரியாக இருந்திருந்தால் 80 காட்டும்போது உண்மை 89. கிலோமீட்டர் எண்ணும் குறைந்து ஓடும். ஆயில் மாற்ற வேண்டிய நாள் தள்ளிப்போகும். அந்த டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் எஞ்சினும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும் என்பது வேறு கதை.

*டயரை மாற்றவே இல்லை, ஆனாலும் குறைவு*

கேபிள் வண்டியில் (கியர்பாக்ஸிலிருந்து சுழலும் கம்பி மீட்டரை ஓட்டும் பழைய வகை) மீட்டருக்குள் இருக்கும் காந்தம் வயதாகி வலுவிழந்திருக்கலாம்; கியர்பாக்ஸ் வேலை செய்தபோது வேறு பல் எண்ணிக்கையுள்ள பினியன் (கேபிளைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) போட்டிருக்கலாம். சென்சார் வண்டியில் (வேகம் மின் துடிப்பாக மீட்டருக்கு வரும் வகை) மீட்டர் போர்டோ, யாராவது இடையில் செருகிய கருவியோ காரணம். இரண்டும் நீங்கள் வீட்டில் பார்க்கும் வேலை இல்லை.

*சரி, இதைத் திருத்த முடியுமா?*

முடியும். வண்டியைப் பொறுத்தது.

பழைய கேபிள் வண்டியில் பினியனை மாற்றலாம். பற்கள் கூடினால் அல்லது குறைந்தால் கேபிளின் வேகம் மாறும். பினியன் கிடைக்காவிட்டால் மீட்டர் பழுதுபார்ப்பவர் மேசையில் வைத்து, தெரிந்த வேகத்தில் சுழற்றிப் பார்த்து, முள்ளை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள்வில்லை இறுக்கியோ தளர்த்தியோ கொடுப்பார். கைக்கடிகார வேலை மாதிரிதான். பொறுமையுள்ளவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சென்சார் வண்டியில் சிலவற்றுக்குக் கம்பெனி ஸ்கேனரிலேயே (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) டயர் அளவை மாற்றிக் கொடுக்கும் வசதி உண்டு. முதலில் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால், சென்சாருக்கும் மீட்டருக்கும் நடுவே துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கும் சிறு பெட்டி ஒன்றைப் பொருத்தலாம். ஆனால் அந்த சிக்னல் மீட்டருக்கு மட்டும் போவதில்லை; எஞ்சின் கம்ப்யூட்டருக்கும், சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்கும் போகிறது. மீட்டருக்குப் போகும் கிளையில் மட்டும்தான் பெட்டி உட்கார வேண்டும். புதிய வண்டிகளில் வேகம் தனி ஒயரில் வருவதே இல்லை. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் பொது இணைப்பில் வருகிறது. அதை வெட்டி ஒட்டுகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கண்ணாடியைக் கழற்றி முள்ளைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளிக் குத்திவிடும் வித்தையும் நடக்கிறது. 80 இருக்க வேண்டிய இடத்தில் 84 காட்டிய முள்ளை நான்கு கோடு கீழே குத்தினால் 80இல் சரியாகத்தான் தெரியும். ஆனால் 20இல் முன்பு 21 காட்டியது இப்போது 17 காட்டும். தப்பு விகிதத்தில் இருக்கும்போது முள்ளைத் தள்ளினால் ஓரிடத்தில் மட்டுமே பொருந்தும்.

அறிகுறி: முள் ஆடுகிறது, துடிக்கிறது

முதலில் எந்த முள் என்று பாருங்கள். மலை ஏறும்போது முள் துள்ளுகிறது என்று வந்த ஒருவரின் வண்டியை ஓட்டிப் பார்த்தால் துள்ளியது எஞ்சின் சுற்றைக் காட்டும் முள். அவருக்கு வேண்டியிருந்தது கிளட்ச்.

*கேபிள் வண்டி*

பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், பழைய ஜீப்புகள் இந்த வகை. முள் மெதுவாக அலைந்தால் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது எங்காவது மடங்கியிருக்கும். மீட்டருக்குப் பின்னால் கேபிளின் நட்டைக் கழற்றி உள்கம்பியை உருவுங்கள். துணியால் துடைத்து மார்பிள் தரையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுங்கள். நல்ல கம்பி பென்சில் போல வழுக்கிக்கொண்டு உருளும். மடிப்பு விழுந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தவளை போல எகிறும். எகிறினால் நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். எகிறவில்லை என்றால் கீழ்ப்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் மெல்லிய கிரீஸ் தடவி மறுபடி செருகுங்கள். மேல் பகுதியில் தடவினால் கிரீஸ் கேபிள் வழியே மீட்டருக்குள் ஏறிவிடும். அதன்பிறகு முள் ஆடாது, ஒட்டிக்கொள்ளும்.

செருகும்போது டேஷ்போர்டுக்குப் பின்னால் கேபிள் சட்டென்று வளையாமல் அகலமாக வளைந்து போகிறதா என்று பாருங்கள். புதுக் கேபிள் போட்டும் முள் ஆடுவதற்குப் பெரும்பாலும் அந்த வளைவுதான் காரணம்.

கீச் கீச் என்று சத்தத்தோடு முள் திடீரென்று 120க்குப் பாய்ந்தால் மீட்டரின் உள்தண்டு பிடிக்கிறது. அன்றைக்கே கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு மீட்டரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். ஓட்டிக்கொண்டே இருந்தால் கேபிளும் அறுந்து செலவு இரண்டாகும்.

*சென்சார் வண்டி*

கியர்பாக்ஸ் மேலுள்ள சென்சாரின் பிளக்கைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா, ஆயில் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். துடைத்து அழுத்திச் செருகினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். காந்த முனையுள்ள சென்சார்களைக் கழற்றினால் முனையில் இரும்புத்தூள் மீசை வைத்தது போல நிற்கும். இரும்புத்தாதுக்குப் பேர்போன எங்கள் ஊர்க் கஞ்சமலை இரும்புதான் வந்து ஒட்டிக்கொண்டது என்று என் பையன் கேலி செய்வான். கியர்பாக்ஸ் சென்சாரில் அது பல்சக்கரம் தேய்ந்த தூள், சக்கர சென்சாரில் பிரேக் டிஸ்க் தேய்ந்த தூள். துணியால் துடைத்தால் போதும்.

வாடகைக் கார் என்றால் 80 கி.மீ.க்கு வைத்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் இணைப்பைத் தேடுங்கள். சென்சார் ஒயரின் தோலை உரித்து முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். சேலத்து வெயிலில் டேப்பின் பசை உருகி, இணைப்பு தளர்ந்திருக்கும். கருவியை நீங்களே பிடுங்காதீர்கள். தகுதிச் சான்றுக்குப் போகும்போது மாட்டுவீர்கள். பொருத்தியவரையே அழைத்து இணைப்பைச் சாலிடர் செய்யச் சொல்லுங்கள்.

அறிகுறி: முள் எழவே இல்லை

*சாவி போட்டதும் முள் ஒரு சுற்றுப் போய் வருகிறதா?* எல்லா வண்டியிலும் இந்த வசதி இல்லை. இருந்து, முள் முழுதாகப் போய்த் திரும்பினால் மீட்டர் நலம். சென்சார் பக்கம் தேடுங்கள்.

*முள் செத்துவிட்டது, கிலோமீட்டர் எண் மட்டும் ஓடுகிறது:* சென்சாரும் ஒயரும் நலம். போர்டுக்குள் முள்ளைத் திருப்பும் சின்ன ஸ்டெப்பர் மோட்டார் போயிருக்கும், அல்லது அதன் சாலிடர் விட்டிருக்கும். முழு போர்டையும் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்வதற்கு முன் மோட்டாரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர் கிடைக்கிறாரா என்று விசாரியுங்கள். விலையில் பெரிய வித்தியாசம்.

*இரண்டும் ஓடவில்லை, எரிபொருள் முள்ளும் செத்திருக்கிறது:* ஃப்யூஸ். பெட்டி மூடியின் பின்பக்கப் படத்தில் மீட்டர் என்று போட்டிருக்கும். அதே ஆம்பியர் ஃப்யூஸைப் போடுங்கள். மறுபடி எரிந்தால் எங்கோ ஒயர் உரசுகிறது. பெரிய ஃப்யூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம். பல நாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

*இரண்டும் ஓடவில்லை, மற்றவை நலம், கேபிள் வண்டி:* மீட்டர் பக்கம் கேபிளைக் கழற்றுங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் இழுக்கும் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். உள்கம்பி சுற்றினால் மீட்டர் போச்சு. சுற்றவில்லை என்றால் கம்பியை உருவிப் பாருங்கள். துண்டாக வந்தால் கேபிள், முழுதாக வந்தால் கியர்பாக்ஸில் உள்ள பிளாஸ்டிக் பினியன். 

*இரண்டும் ஓடவில்லை, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் எரிகிறது:* இந்த வண்டியில் வேகம் சக்கர சென்சாரிலிருந்து வருகிறது. அண்மையில் சக்கரத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று யோசியுங்கள். போன மழைக்காலத்தில் வந்த ஒரு காருக்கு இரண்டு சென்சார் மாற்றியும் விளக்கு அணையவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான் வேறொரு கடையில் முன்சக்கர பேரிங் மாற்றியிருந்தார்கள். இப்போது வரும் பல பேரிங்குகளின் ஒரு பக்கத்தில், ரப்பர் போலத் தெரியும் கருப்பு வளையத்தில் காந்தம் பதித்திருக்கிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தார்கள். பேரிங் ஓசையில்லாமல் நன்றாகச் சுற்றியது, சென்சாருக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அழுத்தி ஏற்றிய பேரிங்கைப் பிடுங்கினால் அது வீண், புதிதாகத்தான் போட்டோம். சக்கர வேலைக்குப் பிறகு ஏபிஎஸ் விளக்கு வந்தால் சென்சார் வாங்குவதற்கு முன் வேலை செய்தவரிடமே போங்கள்.

ஏபிஎஸ் விளக்கு எரிந்தபடி ஏற்காட்டுக்குக் கிளம்ப வேண்டாம். பிரேக் பிடிக்கும்; ஈரச் சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் உதவி இருக்காது.

அறிகுறி: வண்டி நின்ற பிறகும் முள் பூஜ்ஜியத்துக்கு வரவில்லை

கேபிள் வண்டியில் சுருள்வில் தளர்ந்திருக்கும் அல்லது கிரீஸ் ஏறியிருக்கும், மீட்டர் கடைக்குத்தான். சென்சார் வண்டியில் பேட்டரி மாற்றியபோது முள் இடம் தவறியிருக்கலாம். சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டிப் பாருங்கள். ரேடியோவுக்கு ரகசிய எண் உள்ள வண்டி என்றால் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கழற்றுங்கள். சரியாகாவிட்டால் ஸ்டெப்பர் மோட்டார்.

அறிகுறி: சமவெளியில் நலம், மலையில் மட்டும் தகராறு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் பலகை இருப்பதால் எனக்கு வேலை எளிது. முள் எந்தெந்த எண்ணில் செத்து எழுந்தது என்று குறித்து வரச் சொல்வேன். எல்லாம் ஒரே பக்கம் திரும்பும் வளைவுகள் என்றால், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது முன்சக்கர சென்சாரின் ஒயர் இழுபடுகிறது. ரப்பர் உறைக்குள் செம்பு இழை அறுந்து, வெளியே பார்க்க முழுதாக இருக்கும். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் ஒடித்து, ஒயரை மெதுவாக அசைத்துக்கொண்டே ஸ்கேனரில் அந்தச் சக்கரத்தின் வேகத்தைப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும்.

மழையில் ஈர இலைமேல் முன்சக்கரம் வழுக்கும்போது முள் ஒரு கணம் எகிறி இறங்கினால் அது கோளாறில்லை. சக்கரம் உண்மையிலேயே அந்த வேகத்தில் சுற்றியது. பனிமூட்டத்தில் ஓரிரவு நிறுத்திய வண்டி காலையில் தகராறு செய்து, வெயில் ஏறியதும் சரியானால் ஏதோ ஒரு பிளக்கில் ஈரம். உலர்த்திச் செருகுங்கள்.

அறிகுறி: வேகம் சரி, கிலோமீட்டர் கணக்கு மட்டும் இடிக்கிறது

பத்துக் கல் தூரம் ஓட்டிப் பாருங்கள். நூறு, இருநூறு மீட்டர் வித்தியாசம் டயர் தேய்மானம். வேகத்தைக் கூட்டிக் காட்டும் வண்டியிலும் கிலோமீட்டர் எண் பெரும்பாலும் உண்மைக்கு அருகில்தான் ஓடும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எண்ணைப் பார்ப்பதோடு சர்வீஸ் ரசீதுகளையும் பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் பாருங்கள். எண்ணைக் குறைத்துத் தரச் சொல்லி என்னிடம் வருபவர்களுக்குத் தேநீர் மட்டும் உண்டு.

கடைக்கு வரும்போது

எந்த வேகத்தில் எவ்வளவு வித்தியாசம், டயரின் அளவு, கடைசியாக என்ன வேலை செய்தீர்கள், எந்த விளக்கு எரிகிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். சாதாரண ஸ்கேனரைச் செருகி எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்லும் வேகத்தையும் முள்ளையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் வேகம் வந்து முள் எழாவிட்டால் மீட்டர் போர்டு. கம்ப்யூட்டரிலும் பூஜ்ஜியம் என்றால் சென்சாரோ ஒயரோ. இந்த ஐந்து நிமிடச் சோதனைக்கு முன்பே போர்டை மாற்றச் சொல்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து மல்லூர் வரை போய், அதே கற்களை மறுபடி எண்ணிவிட்டுப் பணத்தை எடுங்கள்.